வீடு யார் பெயரில்? சிங்கப்பூர், இலங்கை பயணக் குறிப்புகள்

சனி, தோ பாயோ, சிங்கப்பூர்

சிங்கப்பூரையும் இலங்கையையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இரண்டும் பிரிட்டிஷார் ஆண்ட தீவுகள். இரண்டிலும் தமிழ் ஆட்சிமொழி. நடுவில் நாலு மணி நேர விமானப் பயணம்தான். ஆனால் தலைக்கு வருமானம் இங்கே 80,000 அமெரிக்க டாலருக்கு மேல், அங்கே 4,000 டாலரை ஒட்டி.

"ஒரு காலத்தில் சிலோன்தான் பணக்கார நாடு, சிங்கப்பூர் அதைப் பார்த்து ஏங்கியது" என்று பலரும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. சிங்கப்பூர் துறைமுக நகரம். 1960லேயே அதன் தலைக்கு வருமானம் சிலோனைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. சிலோனிடம் இருந்த செல்வம் வேறு: 1931லிருந்து வயது வந்தவர்களுக்கு ஓட்டு, 1945லிருந்து இலவசக் கல்வி, காசில்லாமல் மருத்துவம். அன்றைய மூன்று மடங்கு இன்று இருபது மடங்காகிவிட்டது. எப்படி என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். நேரில் பார்க்கும்போது எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பினால் எதுவும் மனதில் தங்காது. அதனால் ஒன்றை மட்டும் விசாரிக்கப் போகிறேன். யார் எங்கே படுத்துத் தூங்குகிறார்கள், அந்த இடம் யார் கையில் இருக்கிறது.

தங்கியிருப்பது நண்பனின் பெரியப்பா வீட்டில். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரியம்மா பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்த்தவர். வீவகவின் மூவறை வீடு, பன்னிரண்டாவது மாடி. வீவக என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். அதன் தலைமையகமும் இதே பேட்டையில்தான். குடியிருப்பாளர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் இந்த மாதிரி வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் வாடகைக்கு இல்லை, வாங்கித்தான் இருக்கிறார்கள்.

"எப்படிப் பெரியப்பா வாங்கினீங்க?" என்றேன்.

"மனு போட்டேன், நம்பர் வந்துச்சு, வாங்கினேன். மாசத் தவணை மசேநிதியில இருந்து போயிரும், கையில இருந்து ஒரு வெள்ளிகூட எடுக்கலை" என்றார். அவருக்கு அதில் சொல்வதற்கு வேறொன்றும் இருப்பதாகவே தெரியவில்லை. யாரைப் பிடித்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற கேள்விகள் என் வாய்வரை வந்தன. அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

மசேநிதி, அதாவது மத்திய சேம நிதி, 1955லேயே வந்தது. இன்று 55 வயதுவரை ஊழியர் சம்பளத்தில் 20 விழுக்காடு, முதலாளி 17 விழுக்காடு. 1968லிருந்து அந்தப் பணத்தை வீடு வாங்கப் பயன்படுத்தலாம் என்றார்கள். வீவக 1960ல் தொடங்கியது. அடுத்த வருடம் மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். ஒரு வருடத்துக்குள் அங்கே அடுக்குமாடிகள் எழும்பத் தொடங்கின. முதல் ஐந்து வருடத்தில் 50,000க்கு மேற்பட்ட வீடுகள். 1966ல் வந்த நில எடுப்புச் சட்டம் கடுமையானது. சந்தை விலைக்குக் கீழேதான் நஷ்ட ஈடு. நிலம் இழந்தவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் எடுத்த நிலத்தில் கண்ணெதிரே வீடு எழும்பியது. இந்த நாட்டு அரசின் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. வீடு 99 வருடக் குத்தகைதான். பெரியப்பாவின் பேரன் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். புது வீட்டுக்கு மனுப் போட்டால் மூன்று நாலு வருடம் காத்திருக்க வேண்டும், கல்யாணம் ஆகாதவர் தனியாக வாங்க 35 வயது ஆக வேண்டும். நல்ல இடத்து மறுவிற்பனை வீடுகள் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டுகின்றன. 1989லிருந்து ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு வேறு. சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குவது அதனால்தான். அதே வரம்பால், விற்கப்போகும் இந்தியருக்கு வாங்க வரும் ஆள் குறைந்து விலையும் குறைவதுண்டு. எனக்கு இந்தக் கொள்கை சரி என்றே படுகிறது. அதன் செலவு சிறுபான்மையினர் தலையில் விழுவது மட்டும் சரியில்லை.

ஞாயிறு, தேக்கா

நேற்று பார்த்தது குடிமக்களின் சிங்கப்பூர். இன்று அதைக் கட்டுகிறவர்களைப் பார்க்கப் போனேன்.

தேக்கா என்றால் லிட்டில் இந்தியா. ஞாயிறு மாலை அங்கே நடக்க இடமிருக்காது. புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு தம்பியோடு பேச்சுக் கொடுத்தேன். கட்டுமான வேலை, கம்பி கட்டுகிறார். ஏஜண்டுக்குக் கொடுத்த கடனை அடைக்கவே முதல் வருடம் போயிற்று என்றார். அதற்கு அப்புறம் அனுப்பிய பணத்தில் தங்கை கல்யாணம், ஊரில் ஒரு மாடி வீடு.

"அந்த வீட்ல நான் மொத்தமா ஒரு மாசம் படுத்திருப்பேண்ணே" என்றார்.

இங்கே அவர் படுப்பது தங்குவிடுதியில், இரட்டை அடுக்குக் கட்டிலில். அந்தப் படுக்கை முதலாளி ஏற்பாடு. வேலை போனால் படுக்கையும் போகும், நாட்டில் இருக்கும் அனுமதியும் போகும். மலேசியர் அல்லாத ஒவ்வொரு வேலை அனுமதிக்காரருக்கும் முதலாளி 5,000 வெள்ளிப் பிணை கட்டியிருப்பார். குடும்பத்தை அழைத்துவர முடியாது. எத்தனை வருடம் உழைத்தாலும் வேலை அனுமதியில் இருந்துகொண்டு வீவக வீட்டுக்கு மனுப் போட முடியாது. சட்டப்படி எல்லாருக்குமான குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று இந்த நாட்டில் கிடையாது. அடிமட்டச் சம்பளத்தை உயர்த்தக் கொண்டுவந்த திட்டமும் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மனதில் வைத்தது. லாரியின் பின்பக்கம் உட்கார வைத்து வேலைக்கு அழைத்துப் போவது இன்னும் சட்டத்துக்கு உட்பட்டதுதான்.

2020 ஏப்ரலில் கொரோனா இந்த விடுதிகளுக்குள் புகுந்தபோதுதான் பலருக்கும் இவர்கள் எப்படி நெருக்கியடித்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தது. அதன் பிறகு புது விடுதிகளில் ஓர் அறைக்கு அதிகபட்சம் 12 பேர் என்று விதி வந்தது. அரசு நினைத்தால் செய்யக்கூடிய நாடு இது. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம் வருகிறது. கையில் பணம் இல்லாத அரசிடம் கேட்கும் அதே கேள்வியை இந்த அரசிடம் இன்னும் அழுத்திக் கேட்கலாம்.

அந்தத் தம்பி ஒன்று சொன்னார், அதையும் எழுத வேண்டும். "சம்பளம் தரலைன்னா மனிதவள அமைச்சுக்குப் போகலாம்ணே. நம்ம பையன் ஒருத்தன் போய் வாங்கிட்டு வந்தான்."

திங்கள், ஹாங் லிம் பூங்கா

சிறிய பூங்கா, ஆள் இல்லை. 2000லிருந்து பேச்சாளர் சதுக்கம் இங்கே இருக்கிறது. பொது வெளியில் அனுமதி வாங்காமல் அரசியல் பேசக் கிடைத்திருக்கும் இடம் இது. இங்கேயும் மதம், இனம் பற்றிப் பேசக்கூடாது என்று வரம்பு. 1959லிருந்து ஒரே கட்சியின் ஆட்சி. தேர்தல் ஒழுங்காக நடக்கிறது, ஓட்டுப் போடுவது கட்டாயம், எண்ணுவதில் யாரும் குறை சொல்வதில்லை. 2025 மே தேர்தலில் ஆளும் கட்சிக்கு 97ல் 87 இடம், ஓட்டில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. இணையத்தில் எழுதியது பொய் என்று ஓர் அமைச்சர் கருதினால் திருத்தம் போடச் சொல்லி உத்தரவிடலாம். 2019 சட்டம் அது.

நேற்றிரவு பெரியப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "பேசி என்ன ஆகப்போவுது, லிப்ட் ஒழுங்கா ஓடணும்" என்றார். பேரன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் சாப்பிட்டான். தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வாராவாரம் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுப்பதையும் பெரியப்பா மறக்காமல் சொன்னார். கடிதம் கிடைக்கும், விதியை மாற்றச் சொல்லி ஊர்வலம் போக முடியாது. இரவு விமானம்.

செவ்வாய், கொழும்பு

காலிமுகத்திடலில் காற்று ஆளைத் தள்ளுகிறது. 2022ல் மக்கள் கூடாரம் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்த இடம். அந்த ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டே ஓடினார். ஹாங் லிம் பூங்காவைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்து நிற்கும்போது நெஞ்சில் ஏதோ செய்தது. இந்த மக்களுக்குக் குரல் இருக்கிறது. ஆனால் அந்தக் குரல் எழுவதற்குள் நாடு திவாலாகிவிட்டது.

அதற்கான காரணங்களை ஆட்டோ ஓட்டிய அண்ணன் வரிசையாகச் சொன்னார். நான் படித்திருந்ததும் அதுவே. 2019 கடைசியில் வாட் வரியை 15லிருந்து 8 விழுக்காடாகக் குறைத்தார்கள், வருமானம் படுத்தது. அப்புறம் கொரோனா, சுற்றுலாப் பயணி இல்லை. 2021ல் ஒரே இரவில் ரசாயன உரத்துக்குத் தடை, வயலும் தேயிலையும் அடி வாங்கின. வட்டிக்கு வாங்கிய டாலர் வீண் பெருமைத் திட்டங்களில் போயிருந்தது. 2022 ஏப்ரல் 12ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் 70 விழுக்காட்டை ஒட்டிப் போனது.

"ரெண்டு நாள் லைன்ல நின்னு பெட்ரோல் அடிச்சேன் தம்பி. சாப்பாடு வீட்டிலிருந்து மகன் கொண்டுவந்து தருவான். பிறகு கியூஆர் வந்தது, அதுக்குப் பிறகுதான் நிம்மதி" என்றார். அந்த ஒரு திட்டத்தை அவர் மனதாரப் பாராட்டினார். கியூஆர் குறியீட்டைக் காட்டினால் வாரத்துக்கு இவ்வளவு பெட்ரோல் என்று அளவு, மந்திரி வந்தாலும் அதே கியூஆர். வரிசையில் முறை இருந்தால் பற்றாக்குறையைக்கூட மக்கள் தாங்கிக்கொள்கிறார்கள். தோ பாயோவில் பெரியப்பா சொன்ன 'நம்பர்' இதுதானே.

புதன், கோட்டையிலிருந்து ஹட்டனுக்கு

ரயில் பெட்டியில் நிற்க இடம் கிடைத்தது. கண்டியைத் தாண்டியதும் குளிர். எதிரே நின்ற ஒரு தாதி, அரசு ஆஸ்பத்திரியில் வேலை. மருந்துத் தட்டுப்பாட்டு நாட்களில்கூட ஆஸ்பத்திரிக் கதவு ஒருநாளும் மூடவில்லை என்றார். 1990 என்று அழைத்தால் வரும் ஆம்புலன்ஸுக்கு இன்றும் காசில்லை. 2016ல் இந்திய உதவியோடு தொடங்கியது. அதே வருடம் இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார அமைப்பு சான்று கொடுத்தது.

சிங்கப்பூரில் சராசரி ஆயுள் ஏறக்குறைய 83, இலங்கையில் 77. வருமானத்தில் இருபது மடங்கு வித்தியாசம், ஆயுளில் ஆறேழு வருடம். 1940களில் போட்ட அஸ்திவாரம் திவாலையும் தாங்கி நிற்கிறது. சிங்கப்பூரில் மருத்துவம் அருமை, ஆனால் பில் உண்டு. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தோ கையிலிருந்தோ ஒரு பங்கு கட்டித்தான் ஆக வேண்டும்.

வியாழன், நோர்வூட்

இந்தப் பயணத்தில் நான் அதிகம் எதிர்பார்த்த நாள் இது.

ஹட்டனிலிருந்து பஸ். சரிவெல்லாம் தேயிலை, நடுவே நீளமாக லயன்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஒரு லயத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பம், ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு ஒடுக்கமான திண்ணை. தகரக் கூரைமேல் கல் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள் பல இன்னும் நிற்கின்றன.

எனக்குத் தெரிந்தவர் மூலம் ஒரு அக்கா வீட்டுக்குப் போனேன். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தார். வெறும் தேத்தண்ணியும் ஒரு துண்டு சர்க்கரையும் கொடுத்தார். ஒருநாள் கூலிக்கு இங்கே 'பேர்' என்று சொல்கிறார்கள். தோட்டம் குறித்த கிலோ வந்தால் ஒரு பேர், வராவிட்டால் அரைப்பேர். நாள் கூலி 1,000 ரூபாய் என்று 2021ல்தான் ஆனது. 2024ல் 1,700 என்று வர்த்தமானியில் போட்டார்கள், கம்பெனிகள் நீதிமன்றம் போயின, கடைசியில் அந்த வருடம் 1,350ல் நின்றது. ஒரு அமெரிக்க டாலர் 300 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"இந்த வீடு யார் பேர்ல அக்கா?"

"தோட்டத்து வீடுங்க. தாத்தா காலத்திலேருந்து இதே காம்பராதான். ஒரு ஆணி அடிக்கிறதுன்னாலும் தொரைக்குச் சொல்லணும்." தொரை என்றால் தோட்டத்து மேலாளர்.

தேக்காவில் பேசிய தம்பியின் இரட்டைக் கட்டில் நினைவுக்கு வந்தது. அவருக்காவது ஊரில் ஒரு மாடி இருக்கிறது, ஒருநாள் திரும்பிப் போகலாம். இந்த அக்காவுக்கு ஊரே இதுதான். 1948ல் சுதந்திரம் கிடைத்த அதே வருடம் சிலோன் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒப்பந்தத்தில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இவர்களைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 2003ல். ஓட்டு இல்லாதவருக்கு ரோடு போட எந்த அரசியல்வாதியும் வரமாட்டார். இந்த மலைகளின் ஏழ்மைக்கு நான் பார்த்த முதல் காரணம் அதுதான். தேயிலை விலையெல்லாம் அதற்கு அப்புறம்.

2014 அக்டோபர் 29ல் கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். இடம் மாற வேண்டும் என்றால் போவதற்கு ஒரு துண்டு நிலம் வேண்டுமே.

மாற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன். கீழே சரிவில் தனித்தனி வீடுகள், ஏழு பேர்ச் நிலத்தோடு. பேர்ச் என்பது இங்கே நில அளவு. இந்திய உதவியில் தோட்டப் பகுதிகளில் முதலில் 4,000 வீடு, 2017ல் இதே நோர்வூட்டில் வைத்து இன்னும் 10,000 என்று இந்தியப் பிரதமர் அறிவித்தார். அக்காவின் தம்பிக்கு அப்படி ஒரு வீடு கிடைத்திருக்கிறது. வாசலில் கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறார். தொரையைக் கேட்காமல் வைத்த செடி என்று அக்கா பெருமையாகச் சொன்னார். அவர் மகள் உயர்தரம் படிக்கிறாள், இலவசமாக. அக்கா கர்ப்பமாக இருந்தபோது குடும்பநல உத்தியோகத்தர் காம்பராவுக்கே வந்து பார்த்தாராம். இந்த நாட்டின் நல்லதும் கெட்டதும் ஒரே காம்பராவில் இருக்கின்றன.

வெள்ளி, ஏ9 வீதி

கண்டியில் பஸ் மாறி நாள் முழுக்கப் பயணம். வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு. வழி நெடுக ராணுவ முகாம்கள். ரொம்ப களைப்பு, நாளை எழுதுகிறேன்.

சனி, யாழ்ப்பாணம்

காலையில் வட்டுக்கோட்டைக்குப் போனேன். எஸ். ராஜரத்தினம் 1915ல் பிறந்தது இங்கேதான். கைக்குழந்தையாக மலாயாவுக்குப் போனவர், சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் ஆனார். 1966ல் சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழியை எழுதியவரும் அவர்தான்: இனம், மொழி, மதம் பாராமல் ஒரே மக்கள் என்று இன்றும் பள்ளிக்கூடங்களில் சொல்கிறார்கள். அதற்குப் பத்து வருடம் முன்னால், 1956ல், அவர் பிறந்த நாடு சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டது. 1976ல் தமிழ்த் தலைவர்கள் தனிநாடு கேட்டுத் தீர்மானம் போட்டதும் இதே வட்டுக்கோட்டையில். அப்புறம் 1981ல் நூலகம் எரிந்தது, 1983லிருந்து 2009வரை போர். தமிழும் ஆட்சிமொழி என்று 1987ல்தான் அரசியலமைப்பில் ஏறியது. அரசு நிர்வாகம் என்றால் மின்தூக்கியும் ரயிலும் மட்டும் என்று நினைத்தால், மூன்று மடங்கு ஏன் இருபது மடங்கு ஆனது என்பது புரியாது. யாரையும் வெளியே தள்ளாமல் இருப்பதுதான் நிர்வாகத்தின் முதல் வேலை. சிங்கப்பூர் தன் குடிமக்கள் விஷயத்தில் அதைச் செய்தது; பேசும் உரிமையை அளந்து கொடுத்தாலும், தமிழ்ப் பையனுக்கு வீடு இல்லை என்று சொல்லவில்லை.

மத்தியானம் வலிகாமம் வடக்கைச் சேர்ந்த ஒரு ஐயாவைச் சந்தித்தேன். 1990ல் சண்டையில் ஓடிவந்தவர். ஊரில் பல பகுதிகளை ராணுவம் விட்டுவிட்டது, அவர் காணி, அதாவது நிலம், இன்னும் ராணுவ வேலிக்கு உள்ளே.

"இருங்கோ தம்பி" என்று உள்ளே போய் பிளாஸ்டிக் உறையில் காணி உறுதியை, நிலப் பத்திரத்தை, கொண்டுவந்து காட்டினார். தகப்பன் பெயர், பிறகு இவர் பெயர், எல்லைகள், பரப்பு, எல்லாம் தெளிவாக இருக்கிறது. "என்ர காணியில அவை தோட்டம் செய்யினம். மரக்கறியை எங்களுக்கே விக்கினம்" என்றார்.

சிங்கப்பூர் அரசும் ஆட்களின் நிலத்தை எடுத்தது என்று அவருக்குச் சொன்னேன், எடுத்த இடத்தில் என்ன கட்டினார்கள் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எடுத்ததெண்டு ஒரு கடுதாசி குடுத்தவையோ?" என்று கேட்டார். கொடுத்தார்கள் என்றேன். "எங்களுக்கு அதுவும் இல்லை."

இவர் யாரிடம் போய்க் கேட்பது? வடக்கு மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. சபை இருந்தபோதும் காணி அதிகாரம் கொழும்பின் கையில்தான். மிச்சம் இருப்பது பிரதேச செயலகமும் பாராளுமன்ற உறுப்பினர்களும் மறியல் போராட்டமும். மூன்றையும் செய்து பார்த்திருக்கிறார். போராட்டம் நடத்த முடிகிறது என்பதே பெரிய விஷயம் என்று அவரே சொன்னார், போர்க்காலத்தில் அதுவும் இல்லையாம். அந்த உரிமையைச் சிங்கப்பூரின் மின்தூக்கிக்கு மாற்றிக்கொள்வாரா என்று கேட்டேன். "ஏன் தம்பி ஒண்டைக் குடுத்துத்தான் மற்றதை வாங்க வேணும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை, இருக்கவும் கூடாது என்று தோன்றியது.

அடுத்த வாரம் செயலகத்தில் மறுபடி கூட்டமாம். உறுதியின் பிரதி இன்னும் இரண்டு கேட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே பலமுறை கொடுத்ததுதான். நாளைக் காலை கடை திறந்ததும் அவரோடு போய் எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் கொழும்பு ரயிலைப் பிடிக்க வேண்டும்.